முதல் விற்பனை யார் கையில்?

நீண்டகரைக்கு வந்த நார்வே உதவி: அங்கத்தினர்களுக்கு ஓர் ஆராய்ச்சிப் பாடம்

சங்கங்களின் பொது மகாசபைக் கூட்டங்களில் ஏதேனும் ஒரு கட்டத்தில் வெளிநாட்டு உதவியைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. தறிக்கூடத்துக்கு ஓடு மாற்றவேண்டுமானாலும் சரி, நெல் காயவைக்கக் களம் அமைக்கவேண்டுமானாலும் சரி, "எந்த நாட்டுச் சர்க்காராவது இதற்குப் பணம் தராதா?" என்று கேட்கும் அங்கத்தினர் ஒருவர் இருக்கவே செய்கிறார். "அந்நியன் பணத்தோடு அவன் அதிகாரமும் சேர்ந்து வரும்" என்று மறுக்கும் அங்கத்தினரும் அதே வரிசையில் அமர்ந்திருக்கிறார். இருவரும் தம் கூற்றுக்கு ஆதாரம் காட்டுவதில்லை. ஆதாரமோ வெகு தூரத்தில் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வழியாக வடக்கே சென்றால், கொல்லத்தைத் தாண்டியதும், அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நீண்டகரை இருக்கிறது. ஒரு நாட்டின் அரசாங்கம் மற்றொரு நாட்டின் ஏழை மக்களுக்குச் செய்த உதவி என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம். நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இவ்வேட்டில் மீனவர் கதை எதற்கு என்று எண்ணவேண்டாம். பாவும் ஊடையும் போல அது நம் தொழிலோடு பின்னிக் கிடக்கும் விஷயமேயாகும்.

கதைக்குள் புகுமுன் சொல்லின் பொருளைச் சற்றே பிரித்துப் பார்த்துக்கொள்வது நலம். உதவி என்ற ஒரே பெயரில் பணமாக வரும் நன்கொடையும் உண்டு. குறைந்த வட்டிக்கு நெடுங்காலத் தவணையில் வரும் கடனும் உண்டு. கோதுமை, பால்மாவு போன்ற பண்டங்களும் உண்டு. நிபுணர்களும் பயிற்சியும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசென்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் அளித்தது கடன். அதைத் திருப்பிக் கட்டவேண்டும். இத்தகைய கடனையும் பத்திரிகைகள் உதவி என்றே எழுதுகின்றன. நம் சங்கத்துக் காரியதரிசி பேரேட்டில் அவ்வாறு எழுதிவைத்தால், தணிக்கைக்கு வரும் நாம் அதை அடித்துத் திருத்தாமல் விடமாட்டோம்.

நீண்டகரைக்கு வந்தது கடனன்று. நன்கொடையும் தொழில் நுட்பமும் சேர்ந்த உதவி. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அக்காலத்தில் நீண்டகரையும் நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நாம் பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தோம். ஆகவே இத்திட்டம் நம் முன்னோர் இருந்த ராஜ்யத்துக்கே வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நார்வே என்ற தேசம் உலகுக்கு உதவி செய்யப் புகுந்தது இதுவே முதல் தடவை. அந்நாடு அப்போது செல்வத்தில் மிதக்கும் நாடன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் பிடியில் 5 ஆண்டுகள் கிடந்து, போருக்குப்பின் அமெரிக்காவின் மார்ஷல் திட்டத்தின் கீழ்த் தானே உதவி பெற்று எழுந்த நாடு அது. ஒரு கையால் வாங்கிக்கொண்டிருந்தபோதே மறு கையால் கொடுக்கத் துணிந்தது. இதில் கருணை மட்டுமே இருந்ததென்று நாம் சொல்லமாட்டோம். 1949இல் வடஅட்லாண்டிக் ராணுவக் கூட்டணியில் சேர்ந்து ராணுவத்துக்காகச் செலவழித்து வந்த ஓர் அரசாங்கத்துக்கு, சமாதானத்துக்காகவும் ஏதேனும் செய்கிறோம் என்று தன் மக்களுக்குக் காட்டவேண்டிய அவசியமும் இருந்தது. கொடுப்பவனுக்கும் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்திருந்தால் போதும், அதற்காகக் கொடையை இகழவேண்டியதில்லை.

திட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த பகுதி சக்திகுளங்கரை, நீண்டகரை, புத்தன்துறை ஆகிய கடற்கரைக் கிராமங்களாகும். மீனவரின் வருமானத்தைப் பெருக்குவது, மீனைக் கெடாமல் மக்களுக்குக் கொண்டுசேர்ப்பது, கிராமத்தின் சுகாதாரத்தை உயர்த்துவது, பொதுவாக வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துவது என்பன அதன் நோக்கங்கள். இவை காகிதத்தோடு நிற்கவில்லை. சுகாதார நிலையம் எழுந்தது. பிற்காலத்தில் அது அரசாங்க மருத்துவமனையாயிற்று. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. ஐஸ் தொழிற்சாலையும் படகு கட்டும் இடமும் யந்திரப் பழுது பார்க்கும் பட்டறையும் அமைந்தன. துடுப்பும் பாயும் மட்டுமே அறிந்த கரையில் எஞ்சின் பொருத்திய படகுகள் தவணை முறையில் மானியத்துடன் மீனவருக்குக் கொடுக்கப்பட்டன. பருத்தி நூலுக்குப் பதில் நைலான் வலை வந்தது. ஆஸ்பத்திரியும் தண்ணீரும் எவர் வீட்டுக்கும் தனிச்சொத்தாகாமல் எல்லோருக்கும் பயன்பட்டன. உதவியில் இந்தப் பகுதியைக் குறை சொல்ல நமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

படகுகளின் கதை அவ்வாறு நேராக ஓடவில்லை. 1953இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதுவரை இறால் மலிவான சரக்கு. அமெரிக்க உணவு விடுதிகளில் அதற்கிருந்த கிராக்கி இங்கே தெரிந்ததும், தனியார் கம்பெனிகள் வாங்க முன்வந்தன. விலை மேலே மேலே ஏறியது. திட்டத்தின் நோக்கமோ உள்ளூர் மக்களுக்கு நல்ல மீன் கிடைக்கவேண்டுமென்பது. நடந்தது என்னவென்றால், எஞ்சின் படகுகள் அடிமட்டத்தை அரிக்கும் இழுவலையைக் கட்டிக்கொண்டு இறாலின்பின் ஓடத் தொடங்கின. 1960களில் நீண்டகரை இறாலின் துறைமுகமாயிற்று. 1963இல் அப்பகுதிப் பணிகள் கேரள அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1972இல் திட்டம் முழுவதும் இந்தியாவின் கைக்கு வந்தது.

பணம் வந்தது உண்மை. சக்திகுளங்கரையில் ஓலைக் குடிசைகள் ஓட்டு வீடுகளாயின. ஆனால் யாருடைய பணம்? படகின் தவணையைக் கட்டவும், டீசல் வாங்கவும், மோசமான பருவத்தைத் தாங்கவும் கையில் முதல் வேண்டும். முதல் உள்ளவர் ஒரு படகை இரண்டாக்கினார்; இல்லாதவர் பங்குக்கு வேலை செய்தார். கடல் தொழிலே அறியாத பணக்காரர் பலரும் நாளடைவில் படகுச் சொந்தக்காரர்களாயினர். மீனவருக்கென ஏற்படுத்திய கூட்டுறவுச் சங்கங்கள் பெரும்பாலும் தளர்ந்து போயின. நார்வேயைச் சேர்ந்த மானுடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளவ்சன் இக்கிராமங்களை ஆராய்ந்து 1968இல் ஒரு நூலே எழுதினார். கத்தோலிக்கர் மிகுந்த சக்திகுளங்கரையும் அரையர் மிகுந்த புத்தன்துறையும் ஒரே உதவியை வெவ்வேறு விதமாக ஏற்றன என்பதை அவர் கவனித்திருந்தார். படகும் எஞ்சினும் கொண்டுவந்தவர்கள் கிராமத்தை ஒரே மனிதனாக எண்ணிவிட்டார்கள். ஜாதி, மதம், கடன், உறவு என்று அதற்குள் பல சுவர்கள் இருக்கின்றன என்பது நாஞ்சில் நாட்டில் வளர்ந்த எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதன்று.

கூட்டுறவு நோக்கிலிருந்து பார்த்தால் நமக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று. நார்வேயின் மீனவர் செழித்ததற்கு எஞ்சின் மட்டும் காரணமன்று. 1930களின் பொருளாதார மந்தத்தில் அவர்களும் வியாபாரியிடம் கடன்பட்டு, அவன் சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களே. அவர்கள் ஒன்றுகூடிப் போராடியதன் பயனாக, அந்நாட்டில் 1938ஆம் ஆண்டின் கச்சா மீன் சட்டம் நிலைபெற்றது. கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனை மீனவரின் சொந்த விற்பனைச் சங்கத்தின் வழியாகவே நடக்கவேண்டும். குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும் அச்சங்கத்துக்கே உண்டு என்பது அதன் சாரம். எவ்வளவு பெரிய முதலாளியானாலும் படகிலிருந்து தனியே மீனை வாங்க முடியாது.

இந்தச் சட்டம் நிலைபெற்று 14 ஆண்டுகள் கழித்துத்தான் நார்வே நிபுணர்கள் நீண்டகரைக்கு வரும் ஒப்பந்தம் ஏற்பட்டது. எஞ்சின் வந்தது, ஐஸ் வந்தது, நைலான் வந்தது; தங்கள் மீனவரை உயர்த்திய முதல் விற்பனை உரிமை மட்டும் வரவில்லை. ஒருவேளை, தங்கள் நாட்டில் அது மூச்சுக் காற்றைப்போல் பழகிப்போனதால் அதைத் தனியாகக் கட்டி அனுப்பவேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அந்நிய நாட்டின் சட்டத்தில் தலையிடலாகாது என்று தயங்கியும் இருக்கலாம். நம் அரசாங்கமும் அதைக் கேட்டு வாங்கவில்லை. எஞ்சினைக் கேட்பது எளிது. அதற்கு விலைப்பட்டியல் உண்டு.

வடசேரியிலோ கோட்டாற்றிலோ தறியில் அமர்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. நூலை முன்பணமாகக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் முதலாளியிடம் நெய்பவருக்குத் தறி சொந்தமாக இருந்தும் பயன் என்ன? புதுத் தறியை ஒரு சர்க்கார் இலவசமாகவே கொடுத்தாலும், அதில் நெய்த வேட்டி அந்த முதலாளியின் கடைக்கே போகவேண்டுமானால், தறியால் மிச்சமாகும் நேரத்தின் பலன் அவருடைய கல்லாவில் விழும். கூலிக்கணக்கில் பைசா கூடச் சேராது. விவசாயிக்கும் இதே நிலைதான். கன்னிப்பூ அறுவடைக்கு முன்பே நெல்லை ஈடுவைத்து உரம் வாங்கியவர், விதை உயர்ந்த ரகமானாலும் களத்து விலைக்கே அளந்து கொடுத்துவிட்டு எழுகிறார். கும்பப்பூவுக்கும் அதே கடைக்குத்தான் மறுபடி போகிறார்.

இழுவலையின் பின்விளைவு நம் கரைக்கும் வந்தது. குளச்சல் முதலான துறைகளில் யந்திரப் படகுக்காரருக்கும் கட்டுமரக்காரருக்கும் இடையே நெடுங்காலம் மோதல் நிகழ்ந்தது. கரையோரத்து மூன்று கடல் மைலுக்குள் யந்திரப் படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் விதித்தது. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை ஏற்பட்டது. நைலானும் வலை பின்னும் யந்திரமும் பரவியபின், குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் வலை முடிந்து ஈட்டிய கூலி மறைந்தது. கைத்தறிக்காரர் இந்த ஒரு வாக்கியத்தை இருமுறை படிக்கக்கூடும். அப்பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால், யந்திரத்தையே சங்கத்தின் சொத்தாக வாங்கியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆயினும் நம் ஜில்லாக் கரையிலேயே மாற்று வழி ஒன்றும் தோன்றியது. 1970களில் முட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் நிலையத்தில், பியர் ஜில்லே என்ற பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் உழைத்தார். அது ஓர் அரசாங்கத்தின் பெருந்திட்டமன்று. அலை மோதும் நம் திறந்த கரைக்கு ஏற்ற சிறு படகை ஒட்டுப்பலகையால் அமைக்க முடியுமா என்று, மீனவரோடு சேர்ந்து, கட்டிப் பார்த்தும் உடைத்துப் பார்த்தும் கண்ட முயற்சி அது. அதோடு கூடவே கடற்கரைக் கிராமங்களில் மீனவர் சங்கங்கள் வேரூன்றின. 1980இல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம், கொல்லம் பகுதிச் சங்கங்களுக்கு மேலாகத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் ஏற்பட்டது.

இச்சங்கங்களின் முறையை நாம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நம்முடைய பல சங்கங்களில் கடன் வசூல் படும் பாடு நமக்குத் தெரியும். படகு கரையேறியதும் மீனைத் தரகர் தொடுவதில்லை. சங்கம் நியமித்த விற்பனையாளர் அங்கேயே ஏலம் விடுகிறார். விற்ற தொகையில் குறிப்பிட்ட விகிதம் கடனுக்கும், ஒரு சிறு விகிதம் அங்கத்தினரின் சேமிப்புக்கும், மற்றொரு சிறு விகிதம் சங்கத்தின் செலவுக்கும் கழிந்து, மீதி மீனவர் கைக்குப் போகிறது. நல்ல பாடு கிடைத்த நாளில் தவணை பெரிது. வெறுங்கையோடு திரும்பிய நாளில் தவணையே இல்லை. மாதம் பிறந்தால் இவ்வளவு என்று காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு, மழைக்காலத்தில் நோட்டீசு அனுப்பும் வழக்கத்தைக் காட்டிலும் இது எவ்வளவு நியாயமானது! கடன் திரும்புவதற்குக் காரணம் மீனவர் மற்றவரைவிட யோக்கியர் என்பதன்று; விற்பனை சங்கத்தின் கண்ணெதிரே நடக்கிறது. நார்வேக்காரர் 1938இல் சட்டத்தால் பெற்றதை, நம் கடற்கரை மக்கள் சட்டமில்லாமலே தம் கட்டுப்பாட்டால் பெற்றார்கள். இழுவலைப் படகுகளை இது தடுத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. தரகரிடம் முன்பணம் வாங்கும் பழக்கமும் அடியோடு போய்விடவில்லை.

இனிக் கடலைவிட்டுக் கரையேறி, பண்டமாக வரும் உதவியைப் பார்ப்போம். அறுபது எழுபது வயது கடந்த வாசகர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவாகக் கிடைத்த மஞ்சள் சோளமாவு உப்புமாவும், கரைத்த பால்மாவும் நினைவிருக்கும். 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனத்தின் மூலம் சென்னை ராஜ்யத்து மதிய உணவுத் திட்டத்துக்கு வந்த உபரி உணவு அது. அதைவிடப் பெரிய அளவில் கோதுமை வந்தது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ், 1956 முதல் இந்தியா டாலருக்குப் பதிலாக ரூபாய் கொடுத்தே கோதுமையும், அரிசியும், பருத்தியும்கூட வாங்க முடிந்தது. அன்னியச் செலாவணி வற்றிக் கிடந்த காலத்தில் இது பெருஞ்சகாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1965, 1966 வறட்சியின்போது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து விட்டார். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி நம் நாடு சொன்ன கருத்து அவருக்கு ரசிக்கவில்லை. அடுத்த கப்பல் வருமா என்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு ரேஷன் கடை நடத்தவேண்டியிருந்தது. கூட்டத்தில் "அதிகாரமும் சேர்ந்து வரும்" என்று சொல்பவரின் பக்கத்தில் நியாயம் இருக்கிறதென்றால், அது இங்கேதான் இருக்கிறது. வந்து குவிந்த கோதுமை நம் விவசாயியின் விளைபொருளுக்குக் கிடைக்கவேண்டிய விலையை அழுத்தியது என்று வாதித்த பொருளாதார அறிஞர்களும் உண்டு. விற்ற கோதுமைக்காக அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்துகிடந்த ரூபாயில் 1,664 கோடியை 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் ஒரே செக்காக எழுதி இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தது தனிக்கதை.

அதே உபரிப் பண்டம், விற்பனையைத் தம் கையில் வைத்திருந்த ஒரு கூட்டுறவிடம் சிக்கியபோது என்னவாயிற்று என்பதற்குக் குஜராத்தின் ஆனந்த் நகரம் சாட்சி. அங்குள்ள கைரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் யூனியன் 1946இல், பாலைத் தனியார் டெய்ரிக்குக் கொடுக்கமாட்டோம் என்ற மறுப்பிலிருந்து பிறந்தது. விற்பனை உரிமைதான் அதன் பிறப்பே. பின்னர் 1955இல் அது அமைத்த பெரிய டெய்ரிக்கு யூனிசெப் யந்திரங்கள் அளித்தது. நியூசிலாந்து அரசாங்கமும் கொழும்புத் திட்டத்தின் கீழ் உதவியது. எருமைப் பாலை மாவாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர் பலர் சொல்லிக்கொண்டிருக்க, யூனியனில் பணியாற்றிய தலாயா அதைச் செய்துகாட்டினார். யந்திரம் கொடுத்தவரின் சொல்லை எல்லாம் வேதமாகக் கொள்ளவேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

1970இல் ஐரோப்பிய நாடுகளில் பால்மாவும் வெண்ணெயும் மலைமலையாகத் தேங்கிக் கிடந்தன. அவற்றை இந்தியச் சந்தையில் மலிவாகவோ தானமாகவோ கொட்டினால் நம் கறவைமாட்டுக்காரர் அழிவர் என்பதைக் குரியன் உணர்ந்திருந்தார். வேண்டாமென்று தள்ளவும் இல்லை. உலக உணவுத் திட்டத்தின் மூலம் 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்மாவும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பும் நன்கொடையாகப் பெறும் திட்டம் வகுக்கப்பட்டது. பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை நகரங்களின் பால் பண்ணைகளுக்கு அவற்றை இலவசமாகக் கொடுக்கவில்லை; உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கு விற்றார்கள். அந்த விற்பனைப் பணம் கிராமச் சங்கங்களுக்கும், குளிர்பதன நிலையங்களுக்கும், மாட்டுத் தீவன ஆலைகளுக்கும் முதலாயிற்று. நாம் சொல்லவேண்டிய விஷயம் இதுவே: பரிசாக வந்த பண்டம் தீர்ந்துபோகும், அதை விற்ற பணம் உற்பத்தியாளரின் சங்கத்தில் மூலதனமாக நின்றது. நம் நாகர்கோவிலில் இயங்கும் ஜில்லாப் பால் உற்பத்தியாளர் ஒன்றியமும் ஆனந்தின் மாதிரியை ஒட்டி அமைந்ததே. கிராமத்துக் குழந்தைக்குப் போகவேண்டிய பால் நகரத்துக்குப் போய்விட்டது என்று இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தவர்களும் 1980களில் இருந்தார்கள். அதை நாம் அலட்சியம் செய்யவில்லை; எனினும் நகரத்தார் கொடுத்த பணம் கிராமத்துக்குத் திரும்பிய வழி அச்சங்கங்களின் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது.

இப்போதைய நிலைமையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை உதவிக்கு ஒதுக்கவேண்டுமென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. நார்வே அதையும் தாண்டிக் கொடுத்து வந்திருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அதை எட்டியதேயில்லை. இந்திய அரசாங்கம் 2003இல், சில பெரிய நாடுகளைத் தவிர மற்றவற்றிடமிருந்து நேரடி உதவி பெறுவதை நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் குளச்சலையும், கொட்டில்பாட்டையும், மணக்குடியையும் விழுங்கியபோது, நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசாங்கங்கள் நீட்டிய உதவியை இந்தியா ஏற்கவில்லை. புனரமைப்புக்கு உலக வங்கியிடமும் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் கடனாகப் பணம் பெற்றது. 2025இல் அமெரிக்கா தன் உதவி ஸ்தாபனமான யுஎஸ் எய்டையே மூடிவிட்டது. கொடுக்கும் கைகள் சுருங்கிவருகின்றன.

நம் நாடு கொடுக்கும் வரிசையிலும் இருக்கிறது. யுத்தத்தில் சிதைந்த இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய மானியத்தில் எழுந்த வீடுகள் 46,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் காண்டிராக்டர் கட்டவில்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குத் தவணை தவணையாகப் பணம் போயிற்று, அவர்களே கட்டிக்கொண்டார்கள். நீண்டகரைக்கு வந்தவர்களைவிட நம்மவர் ஒரு படி கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய நடைமுறை விஷயங்கள் சில உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு சங்கம் நேரே நன்கொடை பெறுவதற்கு, 2010ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசாங்கத்திடம் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்கவேண்டும். பணம் டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்கில்தான் முதலில் வந்து சேரவேண்டும். "என் மைத்துனர் வளைகுடாவில் இருக்கிறார், அவர் கம்பெனி அனுப்பும்" என்று சொல்லிச் சங்கத்தின் சாதாரணக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுவது பின்னால் காரியதரிசியைக் கச்சேரி ஏறவைக்கும்.

உள்நாட்டு மானியமானாலும் வெளிநாட்டு நன்கொடையானாலும், ஒரு சொத்து வாங்குவதற்கென வந்த தொகையை அவ்வருஷத்து லாபத்தில் சேர்த்து டிவிடெண்டு பிரிக்கலாகாது. நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் மானியத்தில் வாங்கிய பாவு சுற்றும் யந்திரம் இருந்தது. அதன் தேய்மானத்துக்காக ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. பெல்ட்டு அறுந்த அன்று அது நின்றது, அடுத்த மானியம் வரட்டும் என்று சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தார்கள். பாவு சுற்றும் வேலை அதற்குள் வெளியாரின் கைக்குப் போயிருந்தது. யந்திரத்தின் விலை 10 ஆண்டுகளில் தேயுமென்றால், அத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் தனி நிதியாக எடுத்துவைக்கவேண்டும். அந்த நிதி கையிலிருப்பில் கலந்துவிடாமல் மத்திய கூட்டுறவு வங்கியில் தனிக்கணக்காக இருக்கவேண்டும்.

வரும் மகாசபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, ஆஸ்தி பொறுப்புப் பட்டியலில் "மானியம்" என்ற தலைப்பின் எதிரே உள்ள தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தொகையால் வாங்கிய பொருள் எங்கே இருக்கிறது, அதில் சென்ற வருஷம் எத்தனை அங்கத்தினர் வேலை செய்தார்கள், அதில் உற்பத்தியான சரக்கு எத்தனை பங்கு சங்கத்தின் பில்லில் விற்பனையாயிற்று என்று காரியதரிசியைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல அவர் விற்பனைப் பதிவேட்டை எடுத்துவர வேண்டியிருக்கும். எடுத்துவரும்வரை காத்திருங்கள்.